முதல் புழுவை விட்ட கை

1986-ஆம் வருடம் ஆவணிக் கடைசியில் என் தம்பி அருள்நாதன் வீட்டில் பட்டுப்புழு பழுத்தது. அன்று காலை அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். கட்டிலில் குப்புறப் படுத்திருந்த அருள்நாதன். அவன் மனைவி இசபெல்லா. அவனுக்கு அக்காளும் எனக்குத் தங்கையுமான மிக்கேலம்மாள். புருஷன் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அடுத்த தோட்டத்து மாரியப்பன். அவன் மனைவி பாஞ்சாலி. புழு பொறுக்க வந்த குள்ளம்மாள். ஏழாவது ஆள் மூத்தவனாகிய நான், யாகப்பன். வேறு யாரும் இல்லை. அருள்நாதனின் ஒரே மகள் கிருஷ்ணகிரியில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

காரிமங்கலத்துக்கு மேற்கே நாலு மைலில் எங்கள் ஊர். சவேரியார் சப்பரம் கிளம்பும்போது முன்கொம்பைப் பிடிப்பது எங்கள் வீட்டு ஆண்கள்தான். என் அப்பாவுக்குப் பின் நான் பிடித்தேன், எனக்குத் தோள் வலி வந்தபின் அருள்நாதன் பிடித்தான். நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி நிலத்தோடு நின்றுவிட்டான். சுற்றுவட்டாரத்தில் முதன்முதல் மல்பெரிச் செடி வைத்தவன் அவன். ஓசூரில் போய்ப் புழு வளர்க்கக் கற்றுக்கொண்டு வந்து அதை மாரியப்பனுக்கும் சொல்லிக் கொடுத்தான். மாரியப்பனின் குடும்பம் முனியப்பனைக் கும்பிடுகிற குடும்பம். எங்கள் நிலத்துக்கும் அவர்கள் நிலத்துக்கும் ஒரே வரப்பு. கொடுக்கல் வாங்கல் உண்டு, சோற்றுப் புழக்கம் கிடையாது.

அருள்நாதன் சின்ன வயதிலிருந்தே தடிமனான கண்ணாடி போட்டவன். அந்த ஆடி மாதம் அவன் வலது கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. பிறகு கொசு பறக்கிற மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அப்புறம் கீழேயிருந்து ஒரு நிழல் ஏறி வந்தது. புரை விழுகிறது என்று நினைத்துக்கொண்டு, பாப்பாரப்பட்டியில் கண் முகாம் போடும்வரை மூன்று வாரம் காத்திருந்தான். முகாமுக்கு வந்த டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, கண்ணுக்கு உள்பக்கம் இருக்கிற திரை கிழிந்து சுவர்ப் பூச்சு பெயர்வது போலப் பெயர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போனால் ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்தார். கோயமுத்தூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இசபெல்லா கூடப் போனாள்.

புழு முட்டை பொரிந்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்னும் குஞ்சாகவே இருக்கிற புழுக்களை யார் பார்ப்பது என்று ஒரு பேச்சு வந்தது. என் மனைவி படுத்த படுக்கையாக இருந்த வருடம் அது. மாரியப்பன் வந்து தட்டுகளைத் துணி போட்டு மூடித் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். ஒன்பது நாள் அவனும் பாஞ்சாலியும் தங்கள் புழுவோடு சேர்த்து எங்கள் புழுவுக்கும் கொழுந்து நறுக்கிப் போட்டார்கள். இதை நான் மறைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் அருள்நாதனின் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்திருந்தார்கள். குமிழி எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். அது கண்ணின் பின்சுவரை அழுத்திப் பிடித்து, பெயர்ந்த திரையை ஒட்ட வைக்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் நடந்தாலும் அப்படித்தான். இருபத்தோரு நாள். நிமிர்ந்தால் குமிழி இடம் மாறிவிடும், திரை மறுபடி கழன்றால் அப்புறம் அந்தக் கண் இல்லை. டாக்டர் இதைச் சொல்லும்போது இசபெல்லாவிடம் சொன்னார். அவள் இரண்டு முறை திரும்பக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள். இடது கண்ணோ முன்பே மங்கல். கண்ணாடி இல்லாமல் ஒரு முழத்துக்கு அப்பால் அதற்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு முழத்துக்குள் ஊசி கிடந்தாலும் தெரியும்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்ததும் இசபெல்லா செய்த முதல் வேலை, கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் நாலு இழையை அவிழ்த்து முகம் நுழைகிற அளவுக்கு வழி பண்ணியது. சுற்றிலும் பழைய சேலையைச் சுருட்டிக் கட்டினாள். அதில் முகத்தை வைத்துக்கொண்டு அவன் கிடந்தான். கீழே தரைதான் தெரியும். கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்துக் குண்டானில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். பப்பாளி இலைக் காம்பை வாயில் வைத்து உறிஞ்சிக் குடிப்பான். களி தின்று வளர்ந்த உடம்பு, கூழில் அடங்கவில்லை. இருந்தும் தலையை ஆட்டி மெல்லக் கூடாது, முக்கக் கூடாது, இருமக் கூடாது. கொள்ளு ரசத்தில் மிளகைக் குறைத்து வைத்தாள், தும்மல் வந்துவிடும் என்று. ஒரு நாளைக்கு நாலு முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து. மிக்கேலம்மாள் தான் போடுவதாகக் கேட்டுப் பார்த்தாள். இசபெல்லா விடவில்லை. கிழவியின் கை நடுங்கும் என்று வெளியில் சொல்லவில்லை, நானே போட்டுடறேன் அண்ணி என்று மட்டும் சொன்னாள். மிக்கேலம்மாளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அருள்நாதனைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்.

புழுவும் அன்றே வீடு திரும்பியது. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓலை வேய்ந்த புழு வீடு. நாலாவது முறை தோலுரித்து எழுந்த புழுவுக்கு அகோரப் பசி. விடியலில் தொடங்கி ஒரு நாளைக்கு ஐந்து வேளை இலை போட வேண்டும். அந்த ஆவணியில் தூறல் விடவில்லை. நனைந்த இலையைத் தின்றால் புழுவுக்குச் சீக்கு வந்துவிடும். வெட்டி வந்த இலையைச் சாக்கில் பரப்பி ஒவ்வொரு கொத்தாகத் துணியால் ஒற்றித்தான் போட வேண்டும். ஆஸ்பத்திரியும் புழுவுமாக இசபெல்லாவின் முகம் சிறுத்துப் போயிற்று. ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை.

அவள் முதலில் என்னிடம்தான் சொல்லி அனுப்பினாள். மாமா வந்து கூட நின்றால் போதும் என்று. நான் முடியாது என்று சொன்னேன். புருஷனின் அண்ணனும் தம்பியின் மனைவியும் ஒரே கூரைக்குக் கீழே கைக்குக் கை உரசி வேலை செய்வது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. நான் வந்தால் அவள் எழுந்து உள்ளே போவாள். அவள் நடந்து போகிற வாசலில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான். புழு வீட்டுக்குள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். அங்கே நான் எப்படிப் போய் நிற்பது. அதனால் மாரியப்பன் வந்தான். அவன் வீட்டுப் புழு அதற்கு மூன்று நாள் முன்பே பழுத்து ஓய்ந்திருந்தது.

அருள்நாதனுக்குப் பொறாமை எப்போது தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தேன். புழு வீட்டிலிருந்து மாரியப்பன் வெளியே வந்து தொட்டியில் கை கழுவுவது சன்னல் வழியே தெரிந்தது.

"மாரியப்பன் தினமும் வர்றானா?" என்று கேட்டேன்.

அருள்நாதன் கயிற்றுக்குள் முகத்தை வைத்தபடியே, "நீங்க பாத்தீங்களாண்ணா?" என்றான்.

"பாத்ததைத்தான் கேக்கிறேன்."

"எத்தனை வாட்டி?"

நான் கேட்டது தப்பில்லை. ஒரு வீட்டுக்கு மூத்தவன் கேட்க வேண்டிய கேள்விதான் அது. குப்புறக் கிடக்கிறவனிடம் கேட்டிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து அவன் காதால் பார்க்க ஆரம்பித்தான். தட்டை இழுக்கிற சத்தம், இலைக் கட்டைப் போடுகிற சத்தம், யார் எப்போது பேசுகிறார்கள், எப்போது பேச்சு நிற்கிறது. பேச்சு கேட்டால் ஒரு கவலை, கேட்காவிட்டால் இரண்டு கவலை. புழு வீட்டில் யாராவது சிரித்தால், கால் அரிக்கிறது என்று இசபெல்லாவைக் கூப்பிடுவான். அவள் வந்து சொறிந்துவிட்டுப் போவாள். இரண்டு நிமிஷம் கழித்து மற்றக் கால். தொட்டியோரம் கை கழுவ ஒரே ஒரு சிவப்பு சோப்புதான் இருந்தது. புழுவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் தேய்க்க வேண்டும். ஒரு நாள் மாரியப்பன் கட்டிலுக்குக் கீழே குனிந்து, எப்படி இருக்கீங்கண்ணா என்று அவன் கையைத் தொட்டுப் பேசினான். சொட்டு மருந்து போடும்போது இசபெல்லாவின் விரலில் வருகிற அதே வாசனை. அவன் போனபின் அருள்நாதன் தன் கையைச் சேலைச் சுருளில் துடைத்தான். மிக்கேலம்மாள் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது என்றே நினைக்கிறேன்.

மாரியப்பன் மேல் அவனுக்கு இருந்தது பெண்டாட்டி விஷயம் மட்டும் அல்ல. ஒரு நாள் குள்ளம்மாள் இலைக்கட்டோடு கட்டிலைத் தாண்டிப் போகும்போது, இந்த வாட்டி மாதிரி புழு இந்த வூட்டுல வெளஞ்சதே இல்லீங்க, வெரல் தண்டி இருக்குது என்று சொல்லிவிட்டாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள். அருள்நாதன் அன்று மத்தியானம் கூழைக் குடிக்கவில்லை. தான் இல்லாமல் புழு நன்றாக வந்திருக்கிறது; தான் சொல்லிக் கொடுத்தவன் கையில் வந்திருக்கிறது; பக்கத்தில் தன் மனைவி நின்றிருக்கிறாள். இந்த மூன்றையும் ஒரு மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த ஏழாம் நாள் அடிச்சுவடு விஷயம் நடந்தது. புழுப் படுக்கையில் ஈரம் சேராமல் இருக்கச் சுண்ணாம்புத் தூளைத் தூவுவார்கள். புழு வீட்டிலிருந்து வருகிறவர்களின் உள்ளங்கால் வெள்ளையாக இருக்கும். அருள்நாதன் கண்ணயர்ந்து விழித்தபோது கட்டிலுக்குக் கீழே சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு அகலமான வெள்ளைக் காலடி. ஒரு முழத்துக்குள் இருந்ததால் விரல் விரலாகத் தெரிந்தது. கையை ஊன்றி உடம்பைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்தான். சுவடு சமையல் கட்டைப் பார்த்துப் போயிருந்தது.

இசபெல்லா மருந்தோடு வந்தாள். அவன் கேட்டான்.

"சமையல் கட்டுக்குள்ள போனது யாரு காலு?"

"மாரியப்பன். தண்ணி கேட்டாரு. எங் கையெல்லாம் சுண்ணாம்பு, நீங்களே போயி மோந்துக்கங்கன்னேன்."

"அவன் போயி நம்ம பானையில கையை உட்டான்."

"செம்புல மோந்தாரு."

"நான் இங்கதான படுத்துக் கெடந்தேன்? என்னைத் தாண்டித்தான போனான்?"

"தூங்கினீங்க. எழுப்ப வேணாம்னு மெதுவாப் போனாரு."

"அதத்தான் நான் சொல்றேன். மெதுவாப் போனான்."

அவள் அவனைப் பக்கவாட்டில் சாய்த்து, கண்ணுக்கு மேல் கட்டியிருந்த தகர மூடியைக் கழற்றி, மருந்தை விட்டு, மறுபடி மூடிக் கட்டினாள். பிறகு ஈரத்துணி கொண்டு வந்து தரையைத் துடைத்தாள். அவன் முகத்துக்கு நேர் கீழே இருந்த ஒரு சுவட்டை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டுப் போனாள். பாக்கணும்னா பாத்துக்கங்க என்று சொன்னதாக மிக்கேலம்மாள் சொல்கிறாள். அந்தப் பானையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கும் கோபம்தான். ஆனால் பானையிலிருந்து தண்ணீர் மோந்து கொடுக்க அந்த வீட்டில் அன்று ஓர் ஆம்பிளைக் கை இல்லை. நான் என் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலை புழு பழுத்தது. பழுத்த புழு இலையைத் தொடாது. உடம்பு மஞ்சள் பாய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரிகிற மாதிரி ஆகிவிடும். தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடும். அந்த நேரத்தில் பொறுக்கி எடுத்து, சந்திரிகை என்று சொல்கிற மூங்கில் தட்டில் வளைவுகளுக்குள் விட வேண்டும். தாமதித்தால் நூலை வீணாகக் கக்கிவிடும். ஒரு வீட்டில் பழுத்தால் பக்கத்து வீட்டார் கூலி இல்லாமல் வருவார்கள். அவர்கள் வீட்டில் பழுத்தால் இவர்கள் போவார்கள். சந்திரிகையும் அப்படித்தான், ஊர் முழுக்கச் சுற்றும். அன்று மாரியப்பன் தன் வீட்டுச் சந்திரிகைகளைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து சுவரில் சாத்தினான். பாஞ்சாலி கூட வந்தாள்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. முதல் புழுவை அந்த வீட்டு ஆண் கையால் சந்திரிகையில் விட வேண்டும். நாங்கள் சிலுவை போட்டுவிட்டு விடுவோம், அவர்கள் கற்பூரம் காட்டிவிட்டு விடுவார்கள். மற்றதெல்லாம் ஒன்றுதான். அருள்நாதன் எழ முடியாது. ஆகவே இசபெல்லா குள்ளம்மாளை விட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் போனேன். போய்ப் புழு வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை.

இசபெல்லா செருகிய சேலையை இறக்கிவிட்டு வாசல் தூணுக்கு மறைவாக வந்து நின்றாள். நேராக என்னிடம் அவள் பேசியது கல்யாணமான பிறகு அதுதான் முதல் முறை.

"மாமா, உள்ள வந்து ஒரு புழு உட்டுட்டுப் போங்க. தட்டெல்லாம் ஒண்ணா பழுத்திடுச்சு."

நான் மிக்கேலம்மாளைப் பார்த்துப் பேசினேன். "பொம்பளைங்கல்லாம் வெளிய வரட்டும். நான் போறேன்."

"பொம்பளைங்க வெளிய வந்தா புழுவை யாருங்க பொறுக்கிறது?"

"அப்ப ஒரு தட்டையும் ஒரு சந்திரிகையையும் வெளிய கொண்டாரச் சொல்லு."

"வெளிய தூறுது மாமா. புழு நனைஞ்சிடும்."

அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. தூறல் நிற்கட்டும் என்று நான் சொன்னேன். தூறல் நிற்கவில்லை. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே புழுக்கள் தட்டு விளிம்பில் ஏறி நூல் கக்க ஆரம்பித்தன. பாஞ்சாலி, இன்னும் எத்தனை நேரம் இப்புடியே பாத்துட்டு நிக்கிறது, இந்த வூட்டுப் பெரியவரு வாசலைத் தாண்டறதுக்குள்ள புழு செத்துக் காஞ்சு போயிடும் என்றாள். அவள் வாய் அப்படித்தான். மாரியப்பன் குனிந்து ஒரு புழுவை எடுத்துச் சந்திரிகையில் விட்டான். விட்டுவிட்டு, பொறுக்குங்க என்றான். எல்லாரும் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

மிக்கேலம்மாள் என் பக்கத்திலிருந்து நகர்ந்து வீட்டுக்குள் போனதை நான் பார்த்தேன். தடுத்திருக்கலாம். தம்பி, மொதப் புழுவை அவன் உட்டுட்டான் என்று அவள் சொன்னது வெளியிலேயே கேட்டது. அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

அருள்நாதன் எழுந்து வந்தான். பத்தொன்பது நாள் நிமிராத மனிதன், நிமிர்ந்து நடந்து வந்தான். கண்ணில் தகர மூடி, ஒரு பக்கக் கன்னத்தில் கயிற்றுத் தழும்பு, முகம் முழுக்க வீக்கம். என்னைத் தாண்டிப் போனான். கண்ணாடி இல்லாததால் நான் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. நான், அருளு, தலையைக் குனி என்றேன். குனியவில்லை. எங்கள் வீட்டு ஆண் நடக்கிற மாதிரி, சப்பரத்துக்கு முன்னால் நடக்கிற மாதிரி நடந்து புழு வீட்டு வாசலில் நின்று, "எங்க அவன்?" என்றான்.

மாரியப்பன் இரண்டு அடி தள்ளித்தான் இருந்தான். "அண்ணா, இங்கதான் இருக்கிறேன். மொதல்ல குனிங்க" என்றான்.

"எவன் வூட்டுப் புழுடா இது?"

இசபெல்லா கையிலிருந்த புழுக்களைத் தட்டில் கொட்டினாள். சத்தம் போடவில்லை. நேராக வந்து வலது கையை அவன் பிடரியில் வைத்து, இடது கையால் நெற்றியைத் தாங்கி, தலையைக் கீழே அழுத்தினாள். அவன் திமிறினான். அவள் விடவில்லை. நாலு பேருக்கு முன்னால், வேற்று ஆள் ஒருவனுக்கு முன்னால், எங்கள் வீட்டு ஆணின் பிடரியில் ஒரு பெண்ணின் கை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசலைத் தாண்ட ஓர் அடி எடுத்து வைத்தேன். அப்போது அவள் பேசினாள்.

"நிமிந்து பாத்தா இன்னிக்கு மாரியப்பனப் பாக்கலாம். குனிஞ்சு கெடந்தா நாளைக்கு என்னைப் பாக்கலாம். எது வேணும், சொல்லுங்க."

 அவனுக்கு மூச்சு பெரிதாக வந்தது. தலை குனிந்திருந்தது. அவன் முகத்துக்குக் கீழே மாரியப்பனின் சுண்ணாம்புக் கால் இரண்டும் இருந்தன. மாரியப்பன் பின்னால் நகர்ந்தான்.

"மொதப் புழுவை எடுத்துப் போடு" என்றான் அருள்நாதன், தரையைப் பார்த்தபடியே.

"எடுத்தா அது திரும்பியும் மொதப் புழு ஆயிடுமா?" என்றாள் இசபெல்லா.

"அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? தெனமும் என்ன சிரிப்பு இங்க?"

"குள்ளம்மா கொண்டையில புழு ஏறிச்சு. அதுக்குச் சிரிச்சேன். பாஞ்சாலி என்னைப் பட்டிக்காட்டு மாதான்னு கூப்டுச்சு. அதுக்குச் சிரிச்சேன். அழுவறதுக்குத்தான் உங்க கட்டிலுக்குப் பக்கம் வர்றனே. சிரிக்கிறதுக்கும் எங்கியாவது போவ வேணாமா?"

பாஞ்சாலி, "அண்ணா, எம் புருசன் மேல எனக்கே அவ்ளோ ஆசை கெடையாது, நீங்க எதுக்கு இப்புடிக் கெடந்து சாவறீங்க?" என்றாள். குள்ளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு வெளியே கிளம்பினான். வாசலில் என்னைத் தாண்ட வேண்டியிருந்தது. இரு, இன்னும் பாதித் தட்டு கெடக்குது என்று நான் சொன்னேன். அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினான்.

இசபெல்லா ஒரு புழுவை எடுத்து அருள்நாதனின் உள்ளங்கையில் வைத்தாள். பிடரியிலிருந்த கையை எடுக்காமலேயே அவன் கையைச் சந்திரிகைக்கு இழுத்துப் போனாள்.

"இது மொதப் புழு இல்ல" என்றான் அவன்.

"இல்லதான். ரெண்டாயிரமாவது புழு. உடுங்க."

அவன் சிலுவை போட்டான். விட்டான்.

அதன்பின் அவனைக் கட்டிலுக்கு அனுப்பவில்லை. கட்டிலையே புழு வீட்டு வாசல் உள்பக்கம் தூக்கி வந்து போட்டார்கள். தலைமாட்டைத் தூக்கியது மாரியப்பன், கால்மாட்டைத் தூக்கியது நான். அந்த வாசலை நான் தாண்டியது அப்படித்தான். இசபெல்லா மறுபடி செருகியிருந்த சேலையை இறக்கிவிடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சந்திரிகைகளைச் சாத்தி வைத்தேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். மிச்சமிருந்த இரண்டு நாளும் அவன் அங்கேயே குப்புறக் கிடந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டிருந்தான். சந்திரிகையிலிருந்து தவறி விழுகிற புழு அவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி எடுத்து, யார் கால் பக்கத்தில் இருக்கிறதோ அவர்களிடம் கொடுத்தான். மாரியப்பனின் காலாக இருந்தால் கையில் வைத்துக்கொண்டு வேறு கால் வரும்வரை காத்திருந்தான். மாரியப்பனுக்கு அது தெரியும். ஒரு தடவை அவன் வேண்டுமென்றே அங்கேயே நின்றுகொண்டிருந்தான். புழு உள்ளங்கையில் நூல் கக்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கொடுத்தான்.

ஆறாம் நாள் கூட்டைப் பிடுங்கினோம். தர்மபுரி கூட்டு மார்க்கெட்டுக்கு இசபெல்லாவோடு மாரியப்பன் பஸ்ஸில் போவதை அருள்நாதன் ஒப்பவில்லை. நான் போனேன். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இறங்கும்போது மட்டும், மூட்டையைப் பாத்து மாமா என்றாள்.

அடுத்த வாரம் கோயமுத்தூரில் டாக்டர் பார்த்தார். திரை ஒட்டியிருந்தது. கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பு. மேல் பக்கம் பார்வை கொஞ்சம் குறையும், புதுக் கண்ணாடி போட்டால் பஸ் பலகை படிக்கலாம் என்றார். அந்த மடிப்பு அன்று நிமிர்ந்ததால் வந்ததா என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இசபெல்லா கேட்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டதும் அவன் அதன் வழியாக அவளை வெகுநேரம் பார்த்தான். நீ கறுத்துட்ட என்றான். கறுத்ததை யாரு பாத்தா எனக்கென்ன என்றாள் அவள். வேற யாரு பாத்தாங்க என்று அவன் உடனே கேட்டான்.

அந்த வருடச் சப்பரத்தை அவன் தூக்கவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முன்கொம்பை நான் பிடித்தேன். தோள் வலித்தது.

சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் சாதியிலேயே சிலர் அதைச் சொல்கிறார்கள். இசபெல்லா தன் புருஷனின் கழுத்தைப் பிடித்து மாரியப்பன் காலில் விழ வைத்தாள் என்று. அருள்நாதன் யார் காலிலும் விழவில்லை. கண்ணுக்குள் இருந்த காற்றுக்காக அவன் மனைவி அவன் தலையைக் குனிய வைத்தாள். அவன் முழங்கால் தரையில் படவே இல்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன்.